தவளையின் காது

குழாயைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக் குடிக்கிறவர்கள், அந்தத் தண்ணீருக்குள் ஒரு பெண்பிள்ளை இறங்கி நடந்துவிட்டு வந்திருக்கிறாள் என்று நினைத்துப் பார்ப்பதில்லை. அவள் புருஷனின் முடிவெட்டும் கடைக்கு வருகிறவர்கள் மட்டும் நினைப்பார்கள். "உன் பொண்டாட்டி குளிச்ச தண்ணியத்தாம்ப்பா ஊரே குடிக்குது" என்று நாற்காலியில் உட்காரும் ஆள் ஒவ்வொருவனும் சொல்வான். முடிவெட்டுகிறவரும் முதல் தடவையாகக் கேட்பதுபோலச் சிரித்துவிட்டு, துணியை அவன் கழுத்தில் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டே பதில் சொல்வார்.

"அவ மேல ஒரு மயிரளவுகூடத் தண்ணி படாது. தலையிலேருந்து கால் வரைக்கும் ரப்பர். இறங்குறதுக்கு முன்னாடி மருந்துத் தண்ணி ஊத்தி ரெண்டு தடவ கழுவுவாங்க. நீ உன் டம்ளர அப்படிக் கழுவுறியா?"

அவளுக்குத் தவளை என்று பெயர் வந்தது பள்ளிக்கூடத்தில். நால்வர் அணி அது. ஒருத்தி மல்லாந்து நீந்துவாள். அவள் கை சுவரைத் தொட்டதும் அடுத்தவள் குதித்துத் தவளை போல உதைத்துப் போவாள். மூன்றாமவள் பட்டாம்பூச்சி போல இரண்டு கையையும் ஒன்றாக வீசுவாள். நாலாமவள் பறந்துகொண்டு போய் முடித்து வைப்பாள். பதினாறு வயதில் எல்லாப் பள்ளிகளுக்குமான போட்டியில் அந்த அணி நீந்திய நேரத்தை அப்புறம் பத்தொன்பது வருஷம் யாராலும் முறியடிக்க முடியவில்லை. பட்டாம்பூச்சி இப்போது லாரி டயர் விற்கிறாள். கடைசியாக நீந்தியவள் வானிலை அலுவலகத்தில் மழையை அளந்துகொண்டிருக்கிறாள். மல்லாந்து நீந்தியவளை எல்லோரும் மல்லாக்கு என்பார்கள். அவள் டாக்டருக்குப் படித்து, குடிநீர் வாரியத்து ஆட்களின் உடம்பைப் பரிசோதித்து வேலைக்கு லாயக்கு என்று கையெழுத்துப் போடும் பதவியில் இருக்கிறாள். மூன்று பேரும் கரையேறிவிட்டார்கள். தவளை மட்டும் தண்ணீரை விடவில்லை.

அவள் வேலை தொட்டிகளுக்குள். ஊரைச் சுற்றி மேட்டுப் பகுதிகளில் பூமிக்குள் புதைத்துக் கட்டிய பெரிய தொட்டிகள் பதினொன்று. ஒவ்வொன்றும் ஒரு விளையாட்டு மைதானம் அகலம், நாலு ஆள் ஆழம், உள்ளே வரிசை வரிசையாகக் காங்கிரீட் தூண்கள், மேலே காங்கிரீட் கூரை. கூரையில் ஒரே ஒரு வாய், இரும்பு மூடி போட்டது. தண்ணீரை வெளியே விட்டுக் கழுவினால் ஊர் இரண்டு நாள் தவிக்கும் என்பதால், தண்ணீர் இருக்கும்போதே ஆள் இறங்கி அடியில் படிந்த வண்டலை உறிஞ்சுகுழாயால் இழுக்க வேண்டும். வீட்டில் தரை கூட்டுகிற வேலைதான். ஆனால் இருட்டில், நெற்றி விளக்கை நம்பி, ஆறு மீட்டர் தண்ணீருக்கு அடியில், அவசரப்படாமல் கூட்ட வேண்டும். அவசரப்பட்டால் வண்டல் கிளம்பி, தண்ணீர் பால் கலந்த மாதிரி ஆகிவிடும். மூச்சுக்காற்று மேலிருந்து ஒரு குழாயில் வரும். அதோடு சேர்த்துக் கட்டிய கம்பியில் பேச்சு வரும். மேலே ஒரு ஆள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து கீழே இருப்பவரோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொருவர் குழாயை விடவும் இழுக்கவும் செய்வார்; ஏதாவது ஆனால் இறங்கிக் காப்பாற்ற ஒரு ஆள் தயாராக இருப்பான்.

பதினெட்டு வருஷமாகத் தவளை கீழே இருப்பவள். அங்கே அவளுக்குப் பிடித்தது அந்த அமைதி. வீட்டில் ஓயாமல் பேசும் புருஷன், வெளியில் ஓயாமல் ஓடும் வண்டிகள், எல்லாம் அந்த இரும்பு மூடியோடு நின்றுபோகும். மேலே இருப்பவர் கேட்டால் "ம்" என்பாள். ரொம்பக் கேட்டால் "சரி" என்பாள். அவளுடைய ஒரு நாள் பேச்சைத் தீப்பெட்டியில் அடக்கிவிடலாம் என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள்.

அந்தக் கோடையில் அவளுக்குச் சளி பிடித்திருந்தது. வறட்சியில் தொட்டிகளை அடுத்தடுத்துச் சுத்தம் செய்ய உத்தரவு. சளியோடு இறங்கக் கூடாது என்பது குழந்தைக்கும் தெரிந்த விஷயம். மூக்கைப் பிடித்து ஊதிக் காதை அழுத்தித் திறந்துகொண்டு இறங்கினாள். இடது காதில் நெல் பொரிந்ததுபோல ஒரு சத்தம் கேட்டது. வலிக்கவில்லை. மூன்றாவது நாள், ஏழாம் தொட்டியின் நடுவில், தரை எழுந்து சுவராக நின்றது.

எது மேல், எது கீழ் என்று தெரியவில்லை. தூண்கள் படுத்துக்கொண்டு சக்கரம்போலச் சுற்றின. முகமூடிக்குள் வாந்தி எடுத்தால் என்ன ஆகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். கைக்கெட்டிய தூணை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்னம்மா நின்னுட்ட?" என்று மேலிருந்து மேஸ்திரியின் குரல் வந்தது.

"குழாய் மாட்டிக்கிச்சு" என்றாள்.

அது பொய். பதினெட்டு வருஷத்தில் அந்தக் கம்பி வழியாக அவள் அனுப்பிய முதல் பொய். கால் மணி நேரம் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று, தரை தன் இடத்துக்குத் திரும்பிய பிறகு மீதி வேலையை முடித்தாள்.

அதற்கப்புறம் வீட்டில் அவள் சாப்பிடும்போது தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டாள். பேசுகிறவர்களுக்கு வலது கன்னத்தைக் காட்டினாள். ஒருநாள் கொடியிலிருந்து விழுந்த துணியை எடுக்கக் குனிந்தவள் அப்படியே முழங்காலில் உட்கார்ந்துவிட்டாள். பத்தாவது படிக்கும் மகள் ஓடி வந்து தூக்கினாள்.

"அம்மாவுக்கு என்னப்பா?" என்று மகள் கேட்டாள்.

"அவ என்னிக்கு எனக்குச் சொல்லியிருக்கா, உனக்குச் சொல்றதுக்கு" என்றார் முடிவெட்டுகிறவர். ஆனால் அன்றைக்கு அவர் உருளைக்கிழங்கைத் தாமே வேகவைத்து, தோலுரித்து, அவள் தட்டில் உப்பும் மிளகும் தூவி வைத்தார். அவள் சாப்பிட்டு முடிக்கிறவரைக்கும் வாயைத் திறக்கவில்லை. அவர் பேசாமல் இருந்தால் விஷயம் பெரியது என்று மகளுக்குப் புரிந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை வருடாந்திரப் பரிசோதனை. தவளை பயப்படவில்லை. கையெழுத்துப் போடுகிறவள் மல்லாக்கு. ஒரே துண்டில் தலை துவட்டிய சிநேகம்.

மல்லாக்கின் அறை இரண்டாவது மாடியில். ஜன்னல் ஓரம் எடை பார்க்கும் கருவி, சுவரில் கண் பரிசோதிக்கும் எழுத்துகள், மேஜையில் ஆறிப்போன டீ. மல்லாக்கு காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு நடு அறையில் அவளை நிறுத்தினாள்.

"ஜன்னலப் பார்த்து நில்லு. கண்ண மூடிக்க. கை ரெண்டையும் முன்னாடி நீட்டிக்கிட்டு, நின்ன எடத்துலயே காலத் தூக்கித் தூக்கி வை. அம்பது வரைக்கும் எண்ணு."

தவளை எண்ணினாள். சிரிப்பாகக்கூட இருந்தது. ஐம்பது எண்ணி முடித்துக் கண்ணைத் திறந்தபோது எதிரில் ஜன்னல் இல்லை, கதவு இருந்தது. தன் உடம்பு தனக்குத் தெரியாமலே திரும்பியிருந்தது.

மல்லாக்கு நாற்காலியில் உட்கார்ந்து பேனாவை மூடி வைத்தாள்.

"எத்தன நாளா?"

"ஒரு மாசம்."

"தண்ணிக்குள்ள வந்துச்சா?"

தவளை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வந்துச்சா இல்லையாடி?"

"ஒரே ஒரு தடவ."

"ஒரு தடவ போதும், செத்துப் போறதுக்கு. உள்காதுல அடி பட்டிருக்கு. பெரிய ஆஸ்பத்திரில பார்த்து மருந்து சாப்பிட்டா தலைசுத்தல் நிக்கும். காது ஓரளவுக்குத் திரும்பும். ஆனா இனிமே ஆழத்துக்குப் போகக் கூடாது. இந்த வருஷம் மட்டும் இல்ல. எப்பவுமே."

"மருந்து சாப்பிடுறேன். இப்ப நீ கையெழுத்துப் போடு. சளி போனா சரியாயிடும்."

"போட மாட்டேன்."

"மல்லாக்கு."

"எத்தன தடவ கூப்பிட்டாலும் போட மாட்டேன். வேற யாரா இருந்தாலும் ரெண்டு நிமிஷம் யோசிப்பேன். உனக்கு யோசிக்கவே மாட்டேன்."

தவளைக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. வாய் திறக்காதவர்களின் கோபம் சாணை பிடித்த கத்தி மாதிரி.

"நீ எப்பவுமே மல்லாந்து நீந்தினவ. உனக்கு வானம்தான் தெரியும். கீழ என்ன இருக்குன்னு நீ என்னிக்குடி பார்த்திருக்க? எனக்குத் தெரிஞ்சது இந்த ஒரு வேலதான். அதையும் நீயே பிடுங்கிட்ட."

மல்லாக்கின் முகம் வெளுத்தது. படிவத்தை எடுத்து, லாயக்கில்லை என்ற இடத்தில் கோடு போட்டுக் கையெழுத்திட்டாள். எழுத்து கோணலாக விழுந்தது. தவளை அதை வாங்கி மடித்து, கதவைச் சாத்தாமல் வெளியே வந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியிலும் அதையேதான் சொன்னார்கள். வாரியத்துப் பொறியாளர் அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். நல்ல மனிதர்; கெட்ட செய்தி சொல்லும்போது மேஜை மேல் இருப்பதையெல்லாம் நேராக அடுக்குவார்.

"மேஸ்திரி ஓய்வு வாங்கிட்டுப் போறாரு. மேல உக்காந்து பேசுற எடம் காலி. பதினோரு தொட்டியும் உங்களுக்கு மனப்பாடம். உங்கள விட்டா யாரு இருக்கா?"

"அது வாய் வேலைங்க ஐயா."

"ஆமா. வாய் வேலதான்."

"எனக்கு வராது."

"ஒரு மாசம் லீவு எடுத்துக்கங்க. மருந்து சாப்பிடுங்க. வந்து பதில் சொல்லுங்க."

அந்த மாதம் அவள் வீட்டுக்குள் கிடந்தாள். மருந்து வேலை செய்தது. தலைசுற்றல் மெல்ல மெல்லக் குறைந்தது. மனசுதான் தெளியவில்லை. மேலே உட்காருவது என்றால், தான் இறங்க வேண்டிய தண்ணீருக்குள் இன்னொருவன் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பது. பந்தியில் உட்கார்ந்து அடுத்த இலையைப் பார்ப்பது போல. மல்லாக்கு இரண்டு தடவை போன் செய்தாள். தவளை எடுக்கவில்லை.

"எவ்வளவு நேரம் சுவத்தையே பார்ப்ப? கடைக்கு வா. கண்ணாடியப் பாரு. அதுல நாலு ஆளாவது தெரிவான்" என்றார் முடிவெட்டுகிறவர்.

போனாள். இரண்டு நாற்காலி போட்ட கடை. ஓரத்தில் காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. சோப்பு வாசனையும் ஈரத் துண்டு வாசனையும். அவள் பெஞ்சில் உட்கார்ந்து துண்டுகளை மடித்துக்கொண்டு புருஷனின் பேச்சைக் கேட்டாள். இருபது வருஷம் கேட்டும் காதில் வாங்காத பேச்சு. மழை வராதது, தக்காளி அழுகுவது, எதிர்க்கடைக்காரன் வாங்கிய நாய் அவனைத் தவிர எல்லோர் பேச்சையும் கேட்பது. கத்தி ஒரு பெரியவரின் தொண்டை மேல் ஓடிக்கொண்டிருந்தது. பேச்சு நிற்கவே இல்லை.

கடை காலியான மத்தியானத்தில் கேட்டாள்.

"ஏங்க, வாய் வலிக்காதா உங்களுக்கு?"

"வலிக்கும்."

"அப்புறம் ஏன் பேசுறீங்க?"

அவர் கத்தியைச் சுவரில் தொங்கிய தோல்வாரில் தேய்த்துக்கொண்டே யோசித்தார். அவர் யோசித்துப் பேசுவதை அவள் பார்த்ததில்லை.

"கத்திய கழுத்துல வெச்சதும் எவனா இருந்தாலும் மூச்ச அடக்கிக்குவான். அவனுக்கே தெரியாது. மூச்ச அடக்கினா தொண்ட கல்லு மாதிரி ஆயிடும், தோல் இழுக்கும், கத்தி கிழிச்சிடும். நான் எதையாவது பேசினா அவன் காது என் பக்கம் வந்துடும். கழுத்த மறந்துடுவான். மூச்சு விடுவான். நான் என்ன பேசினேன்னு வீட்டுக்குப் போனா அவனுக்கு ஞாபகம் இருக்காது. இருக்கவும் வேணாம்."

"இத நீங்க சொன்னதே இல்லையே."

"நீ கேட்டதே இல்லையே."

மறு வாரம் அவள் பொறியாளரிடம் போய், "ரெண்டு மாசம் பார்க்கிறேன். வரலன்னா விட்டுடுங்க" என்றாள்.

அவளுக்குப் பதில் கீழே இறங்குகிறவனைக் கொக்கு என்பார்கள். நெடுநெடு என்று வளர்ந்தவன், முப்பத்தாறு வயது, இரண்டு பெண் குழந்தைகள். ஏரியில் மூழ்கிப் பழகியவன்தான். கூரை போட்ட தண்ணீர் அவனுக்குப் புதிது. முதல் வாரம் முழுக்க அவனுக்கு ஒரே குறை.

"அக்கா, லைன்ல இருக்கீங்களா?"

"ம்."

"இல்ல, கம்பி அறுந்துபோச்சோன்னு பார்த்தேன்."

சிறிது நேரம் கழித்து மறுபடி கேட்பான். "அக்கா, நீங்க ம்முன்னு சொன்னீங்களா, இல்ல மெஷின் சத்தமா?"

மேலே குழாய் விடுகிறவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். தவளை முயற்சி செய்தாள். சொல்வதற்கு எதுவும் கிடைக்காமல், "மேகம் போட்டிருக்கு" என்றாள். "வெயில் வந்திருச்சு" என்றாள். கடையில் கேட்ட நாய்க் கதையைச் சொன்னாள். பாதியில் முடிவு மறந்துபோனது. வீட்டுக்கு வந்ததும் தொண்டை கட்டியிருந்தது. புருஷன் வெந்நீரில் தேன் கலந்து கொடுத்துவிட்டு, "தொழில்காரங்க வியாதி" என்றார்.

அப்புறம் மழை பிடித்தது. கோடை முழுவதும் ஏமாற்றிய வானம் சேர்த்து வைத்துக் கொட்டியது. ஆற்றில் செம்மண் வந்தது. எவ்வளவு வடிகட்டினாலும் தொட்டிகளில் மெல்லிய களிமண் படிந்தது. மாவு மாதிரி மண், தொட்டால் எழும்பும்.

நாலாம் தொட்டியில் காலை பத்து மணிக்குக் கொக்கு இறங்கினான். கூரை மேல் தார்ப்பாய் கட்டி, அதன் கீழே தவளை உட்கார்ந்திருந்தாள். தூறல் தார்ப்பாயில் பொறுமையில்லாமல் தட்டிக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் எல்லாம் சரியாக இருந்தது. அப்புறம் காதில் ஒரு மாற்றம் கேட்டது. பேச்சு ஒன்றுமில்லை. மூச்சு மட்டும். முகமூடிக்குள் கொக்கு விடும் மூச்சு கட்டையாகிக்கொண்டே வந்தது.

"தம்பி, என்ன?"

"ஒண்ணும் தெரியலக்கா. மண்ணு எழும்பிருச்சு. என் கையே எனக்குத் தெரியல. குழாய இழுக்குறேன், வர மாட்டேங்குது."

"இழுக்காத."

"இழுக்குறேன்க்கா, வர மாட்டேங்குது. வழி தெரியல. நான் மேல வந்துர்றேன்."

மேலே கூரை. வாய் எங்கேயோ முப்பது மீட்டர் தள்ளி. பதற்றத்தில் முகமூடியைக் கழற்றிவிட்டு ஏறினவர்கள் உண்டு. குழாய் விடுகிறவர் எழுந்து நின்றுவிட்டார். தவளை அவரைக் கையசைத்து உட்காரச் சொன்னாள். காப்பாற்ற இறங்கும் ஆள் இரண்டாவது உடுப்பை மாட்டத் தொடங்கியிருந்தான். அவன் மாட்டி, கழுவி, இறங்கப் பத்து நிமிஷம் ஆகும். கொக்கின் மூச்சு பத்து நிமிஷம் தாங்காது.

"காத்து வருதா உனக்கு?"

"வருது... வருது. பத்தல."

"காத்து வந்தா எல்லாம் வந்தாச்சு. பத்தாதது காத்து இல்ல, நீ வெளிய விடல. உள்ள இழுத்துக்கிட்டே இருக்க. இப்ப தரையில முட்டி போட்டு உக்காரு. உக்காந்தியா?"

"ம்."

"இடது கையால குழாயப் பிடிச்சுக்க. இழுக்காத, குழந்தை விரலப் பிடிக்கிற மாதிரி பிடி. இப்ப எனக்குக் கேக்குற மாதிரி வெளிய ஊது."

ஊதினான். பாதியில் அறுந்தது.

அவளுக்கு அந்த நேரத்தில் நாயும் ஞாபகம் வரவில்லை, தக்காளியும் வரவில்லை. வந்தது வேறொன்று. யாரிடமும் சொல்லாதது, புருஷனிடம்கூட.

"தம்பி, நான் சொல்றதக் கேளு. பதினாறு வயசு எனக்கு. பெரிய போட்டி. மல்லாக்கு வந்து சுவத்தத் தொட்டா, நான் குதிச்சேன். குதிச்ச வேகத்துல நீச்சல் கண்ணாடி நழுவி வாய்க்கு வந்திருச்சு. கண்ணத் திறந்தா மருந்துத் தண்ணி எரியுது. ஒண்ணும் தெரியல. ஊது... கேக்குதா உனக்கு?"

"கேக்குது."

"கண்ண மூடிக்கிட்டேன். போறதுக்கு இருபத்தாறு உதை. அது எனக்குத் தெரியும். எண்ணிக்கிட்டே போனேன். இருபத்தஞ்சுல கைய நீட்டினேன், சுவர் இருந்துச்சு. திரும்பிட்டேன். திரும்பி வரும்போதுதான் பயம் வந்துச்சு. களைச்சுப்போனா உதை சின்னதாயிடும், கணக்கு தப்பிடும். மண்ட சுவத்துல மோதும். ஊது. இன்னும் நீளமா."

மூச்சு நீண்டது. அவள் நிறுத்தவில்லை.

"நீ எந்தத் தூண்ல இருக்க? வரும்போது எண்ணினியா?"

"மூணாவது வரிச. அஞ்சாவது... அஞ்சாவது தூண்."

"நல்ல பிள்ள. குழாய் அந்தத் தூணச் சுத்தியிருக்கு. நீ மண்ணுல ஒரு வட்டம் போட்டிருக்க, அவ்வளவுதான். வலது கையால தூணத் தொடு. தொட்டியா? இப்ப தூணத் தொட்டுக்கிட்டே, குழாய்ப் பக்கமா ஒரு சுத்து நட. குழாய் தளரும். தளர்ந்தா சொல்லு."

தார்ப்பாயில் மழை வலுத்தது. அவள் வலது காதுக் கருவியை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டாள்.

"தளருதுக்கா."

"இன்னொரு சுத்து."

"தளர்ந்திருச்சு."

"இப்ப குழாயப் பிடிச்சுக்கிட்டு வா. கயித்தப் பிடிச்சு மாட்ட ஓட்டிக்கிட்டு வர்ற மாதிரி வா. ஓடாத. எத்தன தூண் தாண்டுறன்னு எனக்குச் சொல்லிக்கிட்டே வா."

"ஒண்ணு" என்றான் கொக்கு. நீண்ட மூச்சு. "ரெண்டு."

ஐந்து என்றபோது கூரையின் வாயில் அவன் தலை தெரிந்தது. குழாய் விடுகிறவரும் உடுப்பு மாட்டியவனும் சேர்ந்து அவனைத் தூக்கினார்கள். முகமூடியைக் கழற்றியதும் அவன் மழையில் மல்லாந்து படுத்து வாயைத் திறந்துகொண்டு கிடந்தான். நெடு நேரம் கழித்து எழுந்து தார்ப்பாய்க்குள் வந்தான். தவளை தன் ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள். பாதி டீ டம்ளருக்கு வெளியே போனது.

"அப்புறம் என்னக்கா ஆச்சு?" என்றான்.

"எதுக்கு?"

"கண்ணு தெரியாம வந்தீங்களே. மண்ட மோதுச்சா?"

அந்தக் கதையின் மிச்சத்தை அவள் இத்தனை வருஷமாக நினைத்துப் பார்க்கவேயில்லை என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"மோதல. மல்லாக்கு நீந்தி முடிச்சு மேல ஏறியிருந்தா. மூச்சே வரல அவளுக்கு, நிக்கவே முடியல. எனக்குக் கண்ணாடி போயிருச்சுன்னு அவ ஒருத்திதான் பார்த்திருக்கா. சுவத்து ஓரம் குப்புறப் படுத்துக்கிட்டு, தண்ணிக்குள்ள கைய விட்டு அடிச்சுக்கிட்டே கத்தினா. இங்க, இங்க, இன்னும் நாலு, இன்னும் மூணுன்னு. ஆயிரம் பேரு கத்துறாங்க அங்க. எனக்கு அவ குரல் மட்டும் கேட்டுச்சு. அதப் பிடிச்சுக்கிட்டு வந்து சுவத்தத் தொட்டேன்."

கொக்கு டம்ளரைக் கீழே வைத்தான். "அந்த அக்கா இப்ப எங்க இருக்காங்க?"

"இங்கதான்" என்றாள். "வாரியத்து ஆஸ்பத்திரில, ரெண்டாவது மாடி."

அன்று வேலை முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. மல்லாக்கு தன் அறையைப் பூட்டிக்கொண்டிருந்தபோது, ஈர உடுப்போடு எதிரில் போய் நின்றாள். மல்லாக்கு சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு பார்த்தாள். ஏதாவது திட்டு வரும் என்று எதிர்பார்த்தவள்போல நின்றாள்.

"மல்லாந்து நீந்தினவளுக்குக் கீழ தெரியாதுன்னு சொன்னேன்" என்றாள் தவளை.

"சொன்ன."

"தப்பு. அது தப்புடி."

மல்லாக்கு சாவியைப் பைக்குள் போட்டாள். "ரெண்டு மாசமா தூக்கம் இல்ல எனக்கு" என்றாள். "சரியா செஞ்சோமான்னு இல்ல. சரியாத்தான் செஞ்சேன். ஆனா உன் வாழ்க்கையில கோடு போட்ட பேனாவ மறுபடி எடுக்கவே கை வரல. வேற பேனா வாங்கிட்டேன்."

"நான் இன்னிக்கு எவ்வளவு பேசினேன் தெரியுமா" என்றாள் தவளை. படியில் உட்கார்ந்து கொக்கின் கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னாள். கூட்டுகிற பெண் வந்து விளக்குமாற்றோடு காத்திருந்து, பிறகு அவளும் உட்கார்ந்து கேட்டாள்.

காது முழுவதுமாகத் திரும்பவில்லை. இடது பக்கம் யாராவது கூப்பிட்டால் இன்னும் வலது பக்கம் திரும்புகிறாள். ஆனால் தரை தரையாகவே இருக்கிறது. கொக்கு மறு வாரமே அதே தொட்டியில் இறங்கினான், இறங்குவதற்கு முன் கேட்டது ஒன்றுதான், "இன்னிக்கு என்ன கதைக்கா?" இரண்டு மாதக் கெடுவைப் பொறியாளரும் ஞாபகப்படுத்தவில்லை, அவளும் ஞாபகப்படுத்தவில்லை.

மழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மல்லாக்கு அவளைப் பொது நீச்சல் குளத்துக்குக் கூட்டிப் போனாள்.

"குதிக்கக் கூடாது. முழுகக் கூடாது. காதுல மெழுகு அடைச்சிருக்கேன், எடுக்கக் கூடாது. தலை தண்ணிக்கு மேலயே இருக்கணும்."

"அப்புறம் அது நீச்சலாடி?"

"டாக்டர் சொல்றேன்."

ஏணி வழியாக, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பாட்டிமார் இறங்குவதுபோல இரண்டு பேரும் இறங்கினார்கள். தண்ணீர் தோளுக்கு வந்தபோது தவளை கண்ணை மூடிக்கொண்டாள். நான்கு மாதம் ஆகியிருந்தது. தண்ணீர் அவளை மறக்கவில்லை.

தலையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, பக்கத்தில் பக்கத்தில், காலை மெல்ல உதைத்துப் போனார்கள். தவளை பேசிக்கொண்டே போனாள். மகள் கணக்கில் வாங்கிய மதிப்பெண், கொக்கின் சின்ன மகளுக்கு விழுந்த பல், டயர் கடைக்காரியை அடுத்த ஞாயிறு இழுத்து வருவது, மழையை அளக்கிறவளுக்கு லீவு கிடைக்குமா என்பது. மல்லாக்கு தண்ணீரைக் குடித்துவிட்டு இருமினாள். சிரிப்பு அடங்காமல் இரண்டு பேரும் நடுவிலேயே நின்றார்கள்.

பின்னால் வேகமாக நீந்தி வந்த கல்லூரிப் பெண் ஒருத்தி தடைப்பட்டு நின்றாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மரியாதையாகத்தான் சொன்னாள்.

"ஆன்ட்டி, தப்பா நினைக்காதீங்க. இது வேகமா நீந்துறவங்களுக்கான வரிச. மெதுவா நீந்துறவங்களுக்கு அந்தக் கடைசி வரிச."

மல்லாக்கு தவளையைப் பார்த்தாள். பத்தொன்பது வருஷம் யாராலும் முறியடிக்க முடியாத நேரத்தில் பாதிக்குச் சொந்தக்காரிகள் இருவரும்.

"மன்னிச்சுக்கம்மா" என்றாள் தவளை. "தெரியாம வந்துட்டோம்."

மிதவைக் கயிற்றைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, முதலில் மல்லாக்கைப் போகவிட்டு, பின்னால் அவளும் அடுத்த வரிசைக்குப் போனாள். கடைசி வரிசையில் கூட்டமே இல்லை. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நீந்தத் தாராளமாக இடம் இருந்தது.